குறத்திப் பாவாடையின் நீளம்

வாய்மொழிப் பாட்டுகளின் பாடபேதங்களைத் திரட்டுபவன் கேட்க வேண்டும், குறித்துக்கொள்ள வேண்டும், தான் கேட்டதை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது. எங்கள் தொழிலின் முதல் விதி இதுதான். ஒலிப்பதிவுப் பெட்டியைத் தோளில் சுமந்து, அட்டைக் கடியோடு மலையேறி, ஒரே பாட்டை ஒன்பது பேரிடம் கேட்டுத் திரும்பிய அன்பர்களுக்கு அந்த விதியைக் காப்பதன் சிரமத்தை நான் விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் நடுப்பகுதியில், இலங்கையின் ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் குறவன் குறத்தி ஆட்டப் பாட்டுகளைத் தேடித் திரிந்தபோது நான் அதை மீறினேன். மீறியதை அறிந்துகொள்ள எனக்கு இரண்டு கிழமை, முழுதாகப் பதினான்கு நாள், ஆயிற்று.

அளவெடுத்த நாள்

பசறைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவின் கடைசி நாள் பிற்பகலில் அந்த ஆட்டம் நடப்பது வழக்கம். எட்டு ஆண்டுகளாகக் குறத்தி வேடம் முத்தையா என்ற தொழிலாளியுடையது. முந்தின நாளே அவர் பாட்டு முழுவதையும் எனக்காகப் பாடிப் பதிய வைத்தார். மறுநாள் காலை தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் ஈரப்படியில் வழுக்கிக் கணுக்கால் பிசகிப் படுத்துவிட்டார். அவர் பாடக் கேட்டே பாட்டை மனப்பாடமாக்கியிருந்த தங்கை பாக்கியம், அதே உடுப்பை அணிந்து ஆட்டத்துக்கு இறங்கினாள். அவள் பிள்ளைக் காம்பராவின் ஆயா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுச் செல்வார்கள்.

குட்டைக் கை இரவிக்கை, பாசிமணி, கட்டைப் பாவாடை. இவ்வளவுதான் உடுப்பு. முத்தையா நெட்டை, பாக்கியம் அவருடைய தோளுக்குக்கூட வரமாட்டாள். அவருக்கு முழங்காலுக்கு மேலே நின்ற பாவாடை அவளுக்கு முழங்காலுக்கு நான்கு விரற்கடை கீழே இறங்கியது. அவர்களுடைய அண்ணி நாடா பிடித்து அளந்து சொல்ல, நான் இரண்டு அளவுகளையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பாட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டதால் ஆட்டத்தின்போது பெட்டியைத் திறக்கவில்லை.

ஆட்டம் முடியுமுன் கோயில் கமிட்டியார் எழுந்து போய்விட்டனர். இப்படி உடுத்துபவளிடம் பிள்ளைகளை விடலாமா, தோட்ட நிர்வாகியான துரையிடம் சொல்லி அவளை வேலையிலிருந்து நிறுத்துவதா என்பதை இரண்டு கிழமை கழித்து, ஞாயிற்றுக்கிழமை கூடி முடிவு செய்வதாகச் சொல்லியனுப்பினார்கள். கட்டுப் போட்ட காலை நீட்டியிருந்த முத்தையா என்னிடம் சொன்னார்: "எட்டு வருசமா எந் தொடையப் பாத்தாங்கய்யா. ஒருத்தரும் எந்திரிச்சுப் போகல."

பதுளைத் துணிக்கடை

பதுளையில் எனக்குப் பழக்கமான முஸ்லிம் துணிக்கடை முதலாளி ஒருவர் இருந்தார். போகும்போதெல்லாம் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துப் பால் சேராத பிளேன்டீ தருவார். பசறைப் பக்கத்துக் குறத்தியைப் பற்றி ஏதேனும் கேள்விப்பட்டாரா என்று விசாரித்தேன். கேள்விப்பட்டிருந்தார். அவருக்கு எட்டிய செய்தியில் பாவாடை சரியாக முழங்காலில் நின்றது. அதற்கான துணியும் அவர் கடையிலேயே வாங்கியதாம். சொன்னவர் பெயர், இடம், தேதி மூன்றையும் முறைப்படி குறித்து, இரண்டாவது பாடம் என்று தலைப்பிட்டேன்.

மனிதர் உண்மையாகவே வருந்தினார். "அந்தத் துணிய நான் கண்ணாலயும் காணல்ல மாஸ்டர். இல்லண்டு சொன்னா யாரு நம்புற? போன கிழமை மூணு பேரு வந்து, அதுல இன்னொரு பாவாடைக்கு மிச்சம் இருக்கான்னு கேட்டுட்டுப் போனாங்க."

அப்புத்தளை வரையில்

அதன்பின் என் பயணம் பாட்டை விட்டுப் பாவாடையின் பின்னே போயிற்று. பண்டாரவளை பஸ்ஸில் அது முழங்காலைத் தாண்டியது. இறங்கிய தோட்டத்தில் பாதித் தொடைக்கு ஏறியிருந்தது. அப்புத்தளை ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையிலோ பாவாடையே இல்லை; குறத்தி இலைதழையைக் கட்டிக்கொண்டு ஆடியதாகக் கடைக்காரர் கூறினார். பாக்கியம் என்ற பெயரும் வழியில் எங்கோ உதிர்ந்து, 'அந்தக் கழுதை' என்பதே மிஞ்சியிருந்தது.

செய்தி யாரிடமிருந்து வந்தது என்று கேட்பது எங்கள் முறை. கேட்டேன். லொறிக்காரர் ஒருவர் சொன்னாராம். அதை எப்படி நம்பினீர்கள் என்றும் கேட்டேன். பனிமூட்டத்தின் மங்கலில் என் முகத்தையோ, பெஞ்சுக்கு அடியில் இருந்த பெட்டியையோ அவர் கவனிக்கவில்லை. "பதுளையில இருந்து பெட்டியும் கையுமா ஒரு ஐயா தோட்டந் தோட்டமா விசாரிச்சுக்கிட்டு வாராராம். படிச்ச மனுசன், ஒண்ணும் இல்லாமயா கேப்பாரு?"

கோயில் முற்றம்

குறித்த ஞாயிறன்று காலையில் கூட்டம் கூடுமுன்பே போய்ச் சேர்ந்தேன். எழுந்து நின்று, குறிப்பேட்டிலிருந்த இரண்டு அளவுகளையும் வாசித்தேன். கதை பரவியதில் என் பங்கையும் ஒப்புக்கொண்டேன். கமிட்டித் தலைவர், கொழுந்தெடுப்போரை மேற்பார்க்கும் ஒரு கங்காணி. நிதானமான மனிதர். ஆண் கட்டினால் அது வேடம், பெண் கட்டினால் அது அவள் உடம்பு, அளவு நாடாவுக்கு இதில் வேலையில்லை என்றார். என் ஆராய்ச்சி அங்கேயே முடிந்துவிட்டது.

அப்போது, இடுப்பில் குழந்தையோடு நின்ற மருதாயி முன்னால் வந்தாள். பாக்கியத்திடம் பிள்ளையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறவள். குரலை உயர்த்தாமலே கேட்டாள்: "அட்டை ஏறிடும்னு பயந்து சேலைய முழங்காலுக்கு மேல தூக்கிச் சொருகிக்கிட்டுத்தானே கொழுந்தெடுக்கிறோம். நீங்கதானே நாள் பூரா பின்னால நிக்கிறீங்க. அங்க பாக்காததையா மாமா இங்க பாத்துட்டீங்க?"

பிள்ளைக் காம்பரா

தலைவர் பிறகு பார்ப்போம் என்று எழுந்தார். விஷயம் துரைவரை போகவில்லை. மறுநாள் தொட்டில்கள் நிறைந்தன என்று எழுத ஆசைதான். உண்மையில் சில தொட்டில்கள் அந்த மாதம் முழுவதும் வெறுமையாகவே தொங்கின. ஆனால் வேலை பாக்கியத்திடமே இருந்தது.

மன்னிப்புக் கேட்கப் போனேன். ஒரு தொட்டிலைக் காலாலும் மற்றொன்றைக் கையாலும் அவள் ஆட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க வந்து பேசுனதுக்குக் கும்புடுறேங்கய்யா" என்றாள். "ஆனா நான் நெட்டையாப் பொறந்து, பாவாடை மேல நின்னிருந்தா, அப்ப வந்திருப்பீங்களா?" தொட்டிலை மறுபடி ஆட்டிவிட்டு அவளே தொடர்ந்தாள்: "அது போகட்டும். அண்ணன் பாட்டுல கடைசி ரெண்டு அடிய மாத்தி நானே கட்டிப் பாடுனேனே, அத எழுதுனீங்களா?"

ஒரு பாவாடையின் ஐந்து பாடங்களைத் தேதி தவறாமல் குறித்துவைத்த நான், அதைக் கட்டி ஆடியவளின் இரண்டு அடிகளைக் கோட்டைவிட்டேன் என்பதே பாடபேத ஆராய்ச்சியில் என் நீண்ட அனுபவத்தின் சாரம்.