என் பிக்கப்பின் புகை மேலேதான் போகும்

எங்கள் கடற்கரையில் வண்டிகள் முதலில் சாவது அடியில்தான். மேலே பெயின்ட் பளபளக்கும், முன்கண்ணாடியில் மாதா படம் சாந்தமாகப் பார்த்துக்கொண்டிருக்கும், கீழே சைலென்சர் அப்பளம்போல் உதிர்ந்துகொண்டிருக்கும். உப்புக் காற்று மட்டும் காரணமல்ல. ஐஸ் பிளான்டிலிருந்து கரைக்கு ஐஸும், கரையிலிருந்து மார்க்கெட்டுக்கு மீனும் பிக்கப்பில் ஏற்றுவது என் பிழைப்பு. மீன் பெட்டிகளிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர் பலகை இடுக்கு வழியாகச் சுடுகிற பைப்பின்மேல் சொட்டும். எந்த இரும்பும் இந்த உபசாரத்தை நெடுநாள் தாங்காது.

அந்த வருடம் எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் காட்ட வேண்டிய நேரத்தில் சைலென்சரில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை. புகை சீட்டுக்கு அடியிலிருந்து எழும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டது. நான் இருமும்போதெல்லாம் மனைவி, “வித்துத் தொலைங்க” என்றாள். அவள் தம்பி, அதாவது என் மச்சினன், அதற்கும் மேலே போய் காயலான் கடைக்காரர் ஒருவரிடம் பேசியே முடித்துவிட்டான்.

“அத்தான், அம்பது தாண்டியாச்சு. எதுக்கு இந்தப் பாடு? புது மினி லாரி எடுப்போம். ஏசி இருக்கு.”

“மீனுக்கா?”

“உங்களுக்கு.”

“கெட்டுப்போவது மீனுதாம்ல. எனக்கு எதுக்கு?”

ஐம்பதைத் தாண்டியவனிடம் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். சோற்றை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். தலையணையை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். கண்ணாடி, செருப்பு, நடைப்பயிற்சியின் நேரம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆட்டி ஆட்டிக் கழுத்து வலித்ததோ என்னவோ, வண்டி விஷயத்தில் மட்டும் ஆடவில்லை. “எஃப்.சி.ல பெயிலானா வண்டி ஒன்னோட ஆளுக்கு. பாஸானா இந்தப் பேச்ச இனி எடுக்கப்படாது” என்று வீட்டு நடுவில் நின்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எனக்குப் படிக்கிற வியாதி உண்டு. உடனே சைலென்சரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அகலமான பைப் போட்டால் இன்ஜின் தாராளமாக மூச்சு விடுமாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் துரு பிடிக்காதாம். வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, “இந்த வண்டிக்கா?” என்றார்.

அப்போதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது. உப்பைத் தாங்கும் பைப்பைப் பற்றி ரோட்டில் இருப்பவனுக்கு என்ன தெரியும்? கடலில் இருப்பவனிடம் அல்லவா கேட்க வேண்டும்? வள்ளத்து இன்ஜின்களுக்குப் புகைபோக்கி செய்யும் வெல்டிங் பட்டறைக்கு வண்டியை ஓட்டிப்போனேன். பட்டறைக்காரருக்கு என் வயது, என்னைவிடப் பெரிய வாய்.

“கடல்ல கெடக்க பைப்பே ஒண்ணும் ஆவல. ரோட்டுல ஓடுத பைப்புக்கு என்ன அண்ணாச்சி? விட்டுட்டுப் போங்க.”

விட்டுவிட்டுப் போனேன். பைப் வண்டிக்கு அடியில் போக வேண்டும் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அது அடியில் போகலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்து பார்த்தபோது, கேபினுக்குப் பின்னாலிருந்து கைத்தடிமனில் பைப் ஒன்று வெயிலில் தகதகவென்று கூரைக்கு மேல் எழும்பி நின்றது. உச்சியில் இடப்பக்கம் ஒரு வளைவு. வாயில் சின்ன மூடி.

“மூடி எதுக்கு?”

“அலைத்தண்ணி உள்ள போவாது.”

“ரோட்டுல ஏது வே அலை?”

“மழை பெய்யாதா?”

சாவியைத் திருப்பினேன். சைலென்சர் பெட்டி என்ற ஒன்றையே அவர் வைக்கவில்லை. வள்ளத்துக்கு யார் வைக்கிறார்கள்? இன்ஜின் தட் தட் தட் என்று அடித்தது. ஒவ்வோர் அடிக்கும் உச்சியில் மூடி கைதட்டியது.

கரை ரோட்டு வழியாகத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். மத்தியான வள்ளங்களுக்காக மீன் வாங்கும் பெண்கள் காத்திருக்கும் நேரம். யாருடைய வள்ளம் வருகிறது என்பதை இன்ஜின் சத்தத்திலேயே சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.

“ஏளா, வந்துட்டுளா!” என்று ஒருத்தி குரல் கொடுக்க, கூடைகளோடு எல்லாரும் தண்ணீர்ப் பக்கம் ஓடினார்கள். கடலில் ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் நெருங்கியது. ஒவ்வொருத்தியாகத் திரும்பினாள்.

“நாசமாப்போவ, வண்டியா இது?”

“ஏ அண்ணாச்சி, நங்கூரம் எங்க?”

“எறங்கி ஏலத்துக்கு நில்லும், உம்மையாவது வாங்குதோம்.”

“யாருளா வாங்குவா? நேத்து மீனு மாதிரில்லா இருக்காரு!”

வீட்டில் மச்சினன் சிரிக்கக்கூட இல்லை. “காயலான் கடைக்காரருக்கு வேலை சுளுவாப் போச்சு” என்றான். “கழத்திப் போட்டுட்டுப் பழையபடி மாட்டுங்க அத்தான்.”

கழற்றத்தான் நினைத்திருந்தேன். ஆனால் அவன் சொல்லிவிட்டானே! போதாக்குறைக்கு, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் இன்னொன்றும் பிடிபட்டது. பைப் இப்போது கூரை உயரத்தில் இருக்கிறது. மீன் தண்ணீர் சொட்டுகிற வழியிலேயே அது இல்லை. வருடா வருடம் சைலென்சரைத் தின்ற வியாதிக்கு, பட்டறைக்காரர் தெரியாமலேயே வைத்தியம் பார்த்துவிட்டார். நானும் தெரியாமல்தான் காட்டினேன். பெருமையை மட்டும் எனக்கே வைத்துக்கொண்டேன்.

மறுபடி படித்தேன், இம்முறை மோட்டார் வாகன விதிகளை. புகை கீழே போகக் கூடாது, இடப்பக்கம் போகக் கூடாது. மேலே போவதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பட்டறைக்குத் திரும்பி, நல்ல பெட்டியாக ஒன்று வைத்துச் சத்தத்தை அடக்கவும், வளைவைப் பின்பக்கமாகத் திருப்பவும் சொன்னேன். பட்டறைக்காரருக்குக் கோபம்.

“வள்ளத்துல வலப்பக்கம் ஒருத்தன் வலை இழுப்பான். அவன் மூஞ்சில அடிக்கப்படாதுன்னுல்லா இடப்பக்கம் விட்டேன்?”

“என் வண்டில யாரு வே வலை இழுக்கா?”

முனகிக்கொண்டே திருப்பினார். மூடியை எடுக்க மட்டும் சம்மதிக்கவில்லை. எனக்கும் அது பழகிப்போயிருந்தது.

எஃப்.சி. மைதானத்தில் மச்சினன் எனக்கு முன்பே வந்து நின்றான், கூடவே காயலான் கடைக்காரர். வண்டியை அப்படியே ஓட்டிப்போகலாம் என்று மனுஷர் பஸ்ஸில் வந்திருந்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சுற்றி வந்து, பைப்பை அண்ணாந்து பார்த்தார்.

“இது எங்க ஓடுது? ரோட்டுலயா, தண்ணிலயா?”

“கீழ போவக்கூடாது, இடப்பக்கம் போவக்கூடாதுன்னுதான் சார் இருக்கு. மேல போவக்கூடாதுன்னு எங்க இருக்கு?”

என்னையும் பைப்பையும் மாறி மாறிப் பார்த்தார். ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். சத்தம் அடக்கமாக இருந்தது, புகை மெலிசாகப் பின்னால் போனது, மூடி மட்டும் மரியாதையில்லாமல் படபடத்தது. அவர் வண்டியின் பின்பக்கம் போய், பிரேக்கை மிதிக்கச் சொன்னார்.

“வலது பக்கம் பிரேக் லைட் எரியல. இது பெயில். சரிபண்ணிட்டு வாங்க.”

மச்சினன் கை நீட்டினான். “சாவி. வாக்குன்னா வாக்கு அத்தான்.”

“வாக்க மீறுதேன்.”

“என்னது?”

“கேட்டேல்லா? மீறுதேன். சாமியாருட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கிடுதேன். ஒரு பல்புக்காக வண்டியக் குடுக்கதுக்கு நான் என்ன கேனயனா?”

வீட்டு நடுவில் நின்று வாக்குக் கொடுத்தவன், ஊர் நடுவில் நின்று அதை மீறினேன். கொஞ்சமும் வெட்கமாக இல்லை. தலையாட்டித் தலையாட்டிச் சேர்த்துவைத்த மரியாதையெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் செலவானது, நல்ல செலவு.

காயலான் கடைக்காரர்தான் பாவம், எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, “அப்ப நான் எதுல போறது?” என்றார். இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு ஆட்டோ எலெக்ட்ரிக் கடைக்குப் போனேன். மேட்டில் ஏறும்போது அவர், “நல்லா இழுக்குதே” என்று சொல்லிவிட்டார். மச்சினன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான்.

பல்பை மாட்டியதும் நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு, மச்சினனைப் பின்னால் போய் நின்று பார்க்கச் சொன்னேன்.

“எரியுதால?”

கண்ணாடியில் பார்த்தேன், குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

“ஏலே, எரியுதா இல்லையா?”

“எரியுது” என்றான், துஷ்டி வீட்டுச் சாவுச் சேதி சொல்ல வந்தவன் குரலில். அவன் ஏறி உட்காரும்வரை பொறுத்திருந்து, வண்டியை எஃப்.சி. மைதானத்துக்கே திருப்பினேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் இன்னும் கிளம்பவில்லை.