பூட்ஸ் பட்ட இடம்

போலீசில் சேரும்போது எனக்கு யாரும் இல்லை, எல்லாரும் ஜப்பான்காரன் காலத்தில் போய்விட்டார்கள் என்று சொன்னேன். அப்படிப் பலர் இருந்த காலம். நம்பிவிட்டார்கள். அப்பாவும் அண்ணனும் புக்கிட் ரம்பாய்ப் பக்கம் வழிப்பறி செய்தவர்கள். அப்பாவைக் கூட்டாளியே வெட்டிக் கொன்றான். அதன்பின் கும்பல் அண்ணன் கைக்கு வந்தது. இது தெரிந்தால் என் உடுப்பைக் கழற்றி, கும்பலுக்குத் துப்புக் கொடுத்தவன் என்று என்னையும் உள்ளே தள்ளுவார்கள். அண்ணனுக்கும் தெரியும். மலாக்கா டவுனில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருடம், கஜா பேராங்கில் ஒரு துணிக்கடைக்காரரை வெட்டிப் போட்டார்கள். கோர்ட்டில் கும்பலுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர் அவர். வெட்டியவன் பின்சந்தில் ஒரு பலகை வீட்டில் இருக்கிறான் என்று தகவல். காலையில் போனோம். எங்களைக் கூட்டிப்போன சார்ஜன் தமிழர்.

கதவை உடைத்தோம். பாராங் கத்தியோடு பாய்ந்து வந்தது அண்ணன்.

முன்னால் போன மலாய்க்காரப் போலீசுக்குத் தோளில் வெட்டு. எலும்பு தெரிந்தது. நான் தடியால் முழங்காலில் அடித்தேன். அண்ணன் விழுந்தார். கத்தியைத் தட்டிவிடக் காலை வீசினேன். கத்தி தெறித்தது. பூட்ஸ் அவர் நெஞ்சிலும் பட்டது.

குனிந்தேன். நெஞ்சைத் தொட்டேன். கண்ணில் ஒற்றிக்கொண்டேன். செய்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

சார்ஜன் பார்த்துவிட்டார்.

“இவன் ஒனக்கு என்னா வேணும்?”

“யாரும் இல்லங்க சார்ஜன்.”

“அப்ப எதுக்குடா ஒத்திக்கிட்ட?”

“கால் பட்டிருச்சி. பழக்கம்.”

“கொலகாரன்கிட்ட என்னா பழக்கம்? யாரும் இல்லன்னா இன்னொரு தடவ மிதி. பாப்போம்.”

நான் நின்றேன். கீழே கிடந்த அண்ணன் ரத்தத்தைத் துப்பினார்.

“மிதிடா மாத்தா. போலீசுதானே நீ? வீட்டுல சோறு போடலியா? பொம்பள மாதிரி தடவுற.”

என் பூட்ஸ் மீதும் துப்பினார்.

மிதித்தேன். விலா எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“சரி, ஏத்து,” என்றார் சார்ஜன்.

லாரியில் காவலுக்கு என்னைத்தான் எதிரே உட்காரவைத்தார்கள். குழியில் வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் என் பூட்ஸ் அவர் காலை உரசப் போனது. அண்ணன் வாய்விட்டு முனகினார். விலங்கிட்ட கையால் முழங்கால்களை இழுத்து, உடைந்த விலாவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். ஸ்டேஷன் வரும்வரை என் கால் அவர் மேல் படவில்லை.