சந்தனம் அடைத்த மூடி

போன வாரம் என் காரை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். பானெட்டைத் திறந்ததும் சூடான ஆயில் வாடை. அங்கே வேலை பார்க்கும் பெண் டேப்லெட்டை இணைத்துப் பார்த்து, இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் வழியில் அடைப்பு என்றாள். வாடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன். என் பெருமையைக் கேட்க யாருக்கு நேரம்?

நானும் கூட்டாளி இருதயராஜும் புதுக்கோட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தபோது இதற்கெல்லாம் உள்ளங்கைதான் கருவி. ஆயில் ஊற்றும் வாயில் கையை வைப்போம். இன்ஜின் தேய்ந்திருந்தால் புகையோடு குபுகுபுவென்று அடிக்கும். நன்றாக இருந்தால் லேசாக ஊதும்.

திருவரங்குளத்துச் சின்னையா அண்ணன் ஒரு நாள் தன் வேனைக் கொண்டுவந்தார். இன்ஜின் கண்ட இடத்திலெல்லாம் ஆயில் கக்கியது. ஆயில் அளவு பார்க்கும் கம்பி தானாக எம்பியது. வேறோர் இடத்தில் இன்ஜினையே பிரிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு வசதியில்லை, வேனை விற்றுவிட்டு சவூதிக்குப் போகப்போகிறேன் என்றார். பாஸ்போர்ட்டும் எடுத்தாயிற்று. கூட வந்த அவர் மனைவி ராணி அக்காவுக்கு அழுது ஓய்ந்த முகம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தொட்டுப் பார்க்கும் முன்பே, "இன்ஜின் நல்லாத்தாண்ணே இருக்கு" என்றேன். இருதயராஜ் முறைத்தான். ஓடவிட்டு ஆயில் மூடியைக் கழற்றினோம். உள்ளங்கையில் லேசான ஊதல்தான், புகையே இல்லை. கம்பியும் அடங்கி உட்கார்ந்தது. மூடியைப் போட்டால் மறுபடி எம்பியது.

அந்த மூடியில்தான் காற்று வெளியேறச் சின்னத் துளைகள் உண்டு. வட்டமாக முகம் மாதிரி இருக்கிறதே என்று, ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் ராணி அக்கா அதற்குத்தான் சந்தனத்தை அள்ளி அப்பியிருக்கிறார். அத்தனை துளையும் அடைத்துக் கெட்டித்துக் கிடந்தது. டீசலில் ஊறவைத்துச் சுரண்டி மாட்டினோம். கம்பி அசையவில்லை.

"அப்ப இவுக போக வேணாங்களா?" அக்கா என்னைத்தான் கேட்டார்.

"எங்கிட்டும் போக வேணாக்கா."

சின்னையா அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வேன் எத்தனையோ கல்யாணத்துக்கு ஓடிவிட்டுப் பழைய இரும்புக்குப் போனது. ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சின்னையா அண்ணன் வேனைச் சரிசெய்த மறு வருடமே இருதயராஜ் குவைத்துக்குக் கிளம்பினான். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தங்கச்சிகள் கல்யாணம் முடிந்ததும் வந்துவிடுவேன் என்றான். கல்யாணமெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. கொஞ்ச காலம் தனியாக நடத்திவிட்டுக் கடையைக் காலி செய்தேன். அவன் இல்லாமல் எனக்கு ஒரு இன்ஜினைத் திறக்கக்கூடப் பிடிக்கவில்லை.