மூன்றாவது பாட்டில் வரும் ‘உஸ்’

இன்று யாரைப் பார்த்தேன் தெரியுமா? கண்ணாடிக்கடை அக்காவை! ரயில் நிலையத்துக்கு எதிரே, சாவி வெட்டுகிற கடைக்கு அடுத்த கதவு. என் கண்ணாடியின் கால் கழன்றுவிட்டது, திருகாணி போட்டு வாங்கிவரலாம் என்று போனேன். ஐந்து நிமிட வேலை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். வந்ததும் வராததுமாக இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி சரியாகிவிட்டது, கண்தான் இன்னும் கலங்கிக்கொண்டே இருக்கிறது.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. லென்ஸை அறுத்து, ஓரம் தேய்த்து, ஃபிரேமில் உட்காரவைப்பதுதான் தொழில். ஒரு லென்ஸை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாரென்றால், நம் கண்ணுக்குத் தெரியாத கீறலையும் கண்டுபிடித்துவிடுவார். கடைக்கு மேலேயே வீடு. அங்கே ஒரு சுவர் முழுக்க இசைத்தட்டு ரெக்கார்டுகள், நூற்று நாற்பத்து மூன்று. பெரும்பாலும் இண்டி, அதாவது பெரிய கம்பெனி எதையும் சாராமல் தாங்களே பாட்டு வெளியிடுகிற குழுக்கள். அதிலும் ஷூகேஸ் என்கிறார்களே, அந்த வகை: கிட்டார்களைச் சுவர் மாதிரி எழுப்பி, பாடுகிறவர் குரலை அந்தச் சுவருக்குப் பின்னால் ஒளித்துவிடுவார்கள். வாசிக்கிறவர்கள் ஆளைப் பார்க்காமல் தங்கள் காலடியில் கிடக்கும், கிட்டார் ஒலியை மாற்றுகிற பெடல்களையே குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். செருப்பைப் பார்க்கிறவர்கள் என்று கேலியாக வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

இந்தப் பாட்டெல்லாம் அக்காவுக்குப் பிடித்து வந்தவையல்ல. தம்பியைத் தேடி வந்தவை.

அக்காவுக்கு நான்கு வயது இளையவன் அந்தத் தம்பி. அவனுக்கு ஏழு வயதாக இருந்தபோது, உட்காரப் போனவனின் நாற்காலியை விளையாட்டாகப் பின்னால் இழுத்தார் அக்கா. மேசை விளிம்பில் வாய் மோதி, முன்பல் சாய்வாக உடைந்தது. அன்றிலிருந்து ‘ஸ’ சொன்னால் கூடவே மெல்லிய சீழ்க்கை ஒன்றும் கிளம்பும். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு ‘விசில்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வளர்ந்தபின் பல்லைச் சரிசெய்துகொள்ளச் சொல்லிக் கெஞ்சினார் அக்கா.

“எதுக்கு? எங்கக்கா போட்ட கையெழுத்து. அழிக்க மாட்டேன் போ.”

விசிலும் நண்பர்களும் சேர்ந்து ஒரு குழு வைத்தார்கள். அக்கா ஒருநாளும் கேட்கப் போகவில்லை. கடை, வேலை, நேரமில்லை. அதோடு அந்தச் சத்தம். அக்காவின் கணவர் தபால் பிரிக்கும் வேலையில் இருக்கிறார், அவர் மட்டும் ஒருமுறை போய்வந்து சொன்னார்:

“உன் தம்பி மேடைல ஏறினதுலேர்ந்து எறங்குற வரைக்கும் தரையையே பாத்துட்டு நின்னான். எதையோ தொலைச்சிட்டான் போலிருக்குன்னு நானும் கூடச் சேந்து தேடினேன்.”

பதினோரு வருடங்களுக்கு முன் அக்காவின் பிறந்தநாளைக்கு, தன் பழைய ரெக்கார்டு பிளேயரைத் தூக்கிக்கொண்டு வந்தான் விசில். அதில் வேகத்தை மாற்றும் சுவிட்ச் லொடலொடவென்று ஆடும். ஒரு பக்கம் நிமிடத்துக்கு 33 சுற்று, மறு பக்கம் 45. சுவிட்சை 33-இல் தள்ளி, மேலே கருப்பு டேப்பை இறுக்கி ஒட்டியிருந்தான். டேப்பின் மேல் வெள்ளிப் பேனாவால் எழுத்து: ‘தொட்டா அடி’.

“இத விட்டா தானா 45க்கு ஓடிடும்க்கா. டேப்ப எடுத்துராத. உனக்கு வாங்கித் தரப்போறதெல்லாம் பெரிய ரெக்கார்டுதான், 33 போதும்.”

“எனக்கு எதுக்குடா இதெல்லாம்?”

“எங்க ரெக்கார்டு வருதுல்ல? நாலு பாட்டு. அதுல ஒண்ணு நான் பாடினது. எதுன்னு சொல்ல மாட்டேன். நீயே கண்டுபிடி பாப்போம்.”

அடுத்த மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். நாலே நாள். முப்பத்தொரு வயது.

பத்தொன்பது நாள் கழித்துத் தொழிற்சாலையிலிருந்து ரெக்கார்டுகள் வந்தன. குழுவில் டிரம்ஸ் வாசித்தவர், ‘டிரம்மு’ என்றுதான் விசில் கூப்பிடுவான், ஒரு பிரதியைக் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்துவிட்டு, உள்ளே வர முடியாமல் திரும்பிப் போனார். வெள்ளை உறையில் கலங்கலாக ஒரு நடைவழியின் படம். யார் பெயரும் இல்லை. நடுவிலிருந்த லேபிளில் நான்கு பாட்டின் தலைப்புகள், அவ்வளவுதான்.

அக்காவிடம் அவன் குரல் வேறெதிலும் இல்லை. அவன் போனைத் திறக்க முடியவில்லை. அக்காவின் கல்யாண வீடியோவில் விசில் சிரிக்கிறான், எதையோ சொல்லிக் கையை ஆட்டுகிறான், ஆனால் வீடியோக்காரர் மேலே சினிமாப் பாட்டை ஏற்றிவிட்டார். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆக, மிச்சமிருந்தது அந்த ஒரு ரெக்கார்டு. அதில் ஒரு பாட்டு.

ஊசியை வைத்தார் அக்கா. நான்கு பாட்டையும் கேட்டார். எல்லாம் கனமாக, நீருக்கடியில் நடப்பதுபோல் நகர்ந்தன. கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆழமான ஆண் குரல்கள். எதுவுமே தம்பி இல்லை.

அங்கேதான் ஆரம்பித்தது. இந்தவகைப் பாட்டில் குரல் ஒளிந்துதான் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். மற்றவர்கள் எப்படி ஒளிகிறார்கள் என்று காது பழகிவிட்டால் இவனையும் பிடித்துவிடலாம் என்று நினைத்தார் அக்கா. குழுவில் யாரிடமும் கேட்கவில்லை, நீயே கண்டுபிடி என்றுதானே அவன் சொன்னான்! ஒவ்வொன்றாக வாங்கினார். உறையில் 45 என்று போட்டிருந்தால் எடுக்கவே மாட்டார், டேப்பைத் தொட வேண்டியிருக்குமே! வாரம் ஒரு ரெக்கார்டு, கண்ணை மூடி, சுவருக்குப் பின்னாலிருக்கும் குரலைத் துழாவுவார். பிறகு தம்பியின் ரெக்கார்டுக்குத் திரும்புவார்.

“இன்னிக்காச்சும் மாட்டினானா?” என்பார் கணவர்.

“இல்லங்க. நல்லா ஒளிஞ்சிருக்கான்.”

மூன்றாவது பாட்டு மட்டும் தொந்தரவு கொடுத்தது. அதில் நான்கு இடத்தில் ‘உஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். அழுக்காகத்தான் இருக்கும், அதற்கடியில்தான் தம்பி இருக்கிறான் என்று முடிவு கட்டினார். லென்ஸ் துடைக்கிறவருக்கு அழுக்கு ஒரு விஷயமா? காய்ச்சி வடித்த நீர், மென்துணி, வரிப்பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பது. துடைத்ததும் அந்த இடத்தில் ஊசியை வைத்து, போய்விட்டதா என்று கேட்பது. முழுதாகப் போகாது. மறுபடி துடைப்பது. கீறலாக இருந்தால் சுற்றுக்கு ஒருமுறை வரவேண்டும், இது ஏன் நினைத்தபோது மட்டும் வருகிறது என்று ஒரு சந்தேகம் அவருக்கு இருந்துகொண்டே இருந்தது. ஆனாலும் கை நிற்கவில்லை. பதினோரு வருடம்.

போன வாரம், படிக்கிற கண்ணாடி வேண்டும் என்று வழுக்கைத் தலையோடு ஒருவர் வந்தார். அக்கா அளவுச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் விரல்கள் கவுன்டரில் தாளம் போட்டபடி இருந்தன.

“அக்கா, என்னத் தெரியலையா? டிரம்மு.”

அக்கா பட்டப்பகலில் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு அவரை மாடிக்கு அழைத்துப்போனார். காலை ஷிஃப்ட் முடிந்து வந்திருந்த கணவர் தேநீர் போட்டார். அக்கா ரெக்கார்டை எடுத்து வைத்தார். ஊசி இறங்கியது. பத்து நொடிகூட ஆகியிருக்காது, டிரம்முக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்னக்கா இது, யானைக்குக் கால்வலியா?”

“அப்படிச் சொல்லுங்க! நானும் இத்தன வருஷமா அதத்தான் சொல்றேன்” என்றார் கணவர்.

“இல்ல சார், நெசமாத்தான். இது நானே இல்ல. இவ்ளோ மெதுவா அடிச்சிருந்தா விசில் என்ன வண்டிய விட்டே எறக்கிவிட்டிருப்பான்.”

“அந்தக் கெணத்துத் தொண்டைக்காரர் யாரு?” என்று கேட்டார் அக்கா.

“எந்தத் தொண்டைக்காரர்?”

“பாடுறாரே, அவருதான்.”

டிரம்மு டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, சுழலும் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

“அக்கா, அது எங்க குழுல இருந்த பொண்ணு பாடினது. இது 45ல ஓட வேண்டிய ரெக்கார்டு.”

“அதுல போடலையே!”

“லேபிள்ல வேகம் விட்டுப்போச்சு. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி விசில்தான் சரிபாக்குறதா இருந்துச்சு. அப்பத்தான் அவனுக்கு…” டிரம்மு நிறுத்திக்கொண்டார். “கேக்குறவங்க தானா தெரிஞ்சிப்பாங்கன்னு நாங்களும் விட்டுட்டோம்.”

பாட்டு இன்னும் யானை நடையில் போய்க்கொண்டிருந்தது. அக்கா டேப்பைப் பார்த்தார். வெள்ளி எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

“எடுக்காதன்னு சொன்னானே.”

“அது ரெக்கார்டு வர்றதுக்கு முன்னாடி சொன்னதுக்கா. வந்திருந்தா அவனே எடுத்திருப்பான்.”

அக்கா கீழே போய், ஃபிரேம் திருகாணி பிடிக்கிற சின்ன இடுக்கியை எடுத்துவந்தார். டேப்பின் ஒரு மூலையைக் கிள்ளி, கிழியாமல், மெல்ல மெல்ல உரித்தார். எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை ரெக்கார்டு உறையின் உட்பக்கம் ஒட்டினார். பதினோரு வருடம் அடக்கிவைத்திருந்த சுவிட்ச், யாரும் தொடாமல், ‘டக்’ என்று தானாகவே 45-க்குப் போய் நின்றது.

முதல் பாட்டில் ஒரு பெண் பாடினாள். மெல்லிய, தெளிவான குரல்.

“கெணத்துக்காரர் இவ்ளோ சின்னப் பொண்ணா!” என்றார் கணவர். ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்து அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

மூன்றாவது பாட்டு வந்தது. கிட்டார்கள் எழும்பின. அவற்றுக்குப் பின்னாலிருந்து, தாளத்துக்குச் சற்று முந்திக்கொண்டு, அவசரக்காரக் குரல் ஒன்று. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு “அக்கா, சீக்கிரம்” என்று கத்துகிற அதே குரல். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. பிறகு கிட்டார்கள் சட்டென்று நின்றன. அந்த ஒரு கண இடைவெளியில், கூராக, குட்டியாக, ஒரு சீழ்க்கை.

“பல்லு” என்றார் அக்கா.

“ஆமாக்கா. ஸ்டுடியோக்காரர் அதக் கழிச்சிடலாம்னாரு. இவன் விடவே இல்ல. அந்த எடத்துல எங்க எல்லாரையும் வாசிக்காம நிக்கச் சொன்னான். ஏன்டான்னு கேட்டா, ‘எங்கக்கா கண்டுபிடிக்கணும்ல’ன்னான்.”

அக்காவின் வலதுகை மடியில் வட்டம் வட்டமாக அசைந்துகொண்டிருந்தது, துணி பிடித்திருப்பதுபோல.

“நான் தொடச்சேன்” என்றார்.

“எதக்கா?”

“இதத்தான். அழுக்குன்னு நெனச்சேன். இதப் போக்கணும், போக்கணும்னு…”

இரண்டாவது சீழ்க்கை வந்தது, முதலாவதில் பாதி. மூன்றாவது இடத்தில் கொரகொரப்புதான் இருந்தது. நான்காவதில் அதுவும் இல்லை. வரிப்பள்ளம் தேய்ந்துவிட்டிருந்தது. துடைத்துவிட்டு, போய்விட்டதா என்று பார்க்க மறுபடி மறுபடி ஊசி வைத்த இடங்கள் அவைதான்.

“போச்சான்னு பாத்துப் பாத்தே போக்கிட்டேங்க” என்று கணவரின் தோளில் சாய்ந்தார் அக்கா. அவர் அக்காவின் கையைப் பிடித்து, அந்த வட்டத்தை நிறுத்தினார்.

“அவன் என்ன பாடுறான், டிரம்மு? எனக்கு ஒண்ணுமே புரியல” என்று கேட்டார் அக்கா.

“எங்களுக்கும் புரியாதுக்கா. கேட்டாலும் சொல்ல மாட்டான்.”

மெதுவாக ஓடியபோது ஆறு நிமிடம் இருந்த பாட்டு நாலரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. தம்பி கிடைத்தான், ஒன்றரை நிமிடம் குறைந்து கிடைத்தான்.

டிரம்மின் பிரதி வீடு மாறியபோது நனைந்து வீணாகிவிட்டது, குழுவில் மற்றவர்கள் இப்போது எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. ஸ்டுடியோ கணினி எப்போதோ செத்துவிட்டது. மிச்சமிருப்பதைப் போனில் பதிந்து வைத்திருக்கிறார்கள், ஆனால் ரெக்கார்டிலேயே தேய்ந்துபோனதை எதில் பதிவது? அன்றிலிருந்து அக்கா அந்த ரெக்கார்டில் ஊசி வைக்கவில்லை. இன்று எனக்கு உறையைக் காட்டினார், உள்ளே ஒட்டியிருந்த டேப்பைக் காட்டினார். போட்டுக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்க எடுத்தவர், துணியோடு ஒரு நொடி நின்றுவிட்டு, துடைக்காமலேயே நீட்டினார்.

அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன். முந்நூறு பிரதி போட்டார்களாம். மிச்சமெல்லாம் கடைகளுக்குப் போய், யார் யார் வீட்டுக்கோ போய்விட்டன. வெள்ளை உறை, கலங்கலான நடைவழிப் படம், எங்கும் பெயர் கிடையாது, லேபிளில் நான்கு பாட்டு, வேகம் போட்டிருக்காது. பழைய ரெக்கார்டு வைத்திருக்கிற உங்கள் அண்ணன், மாமா, சித்தி, நண்பர்கள் எல்லோருக்கும் இதை அனுப்புங்கள். இருந்தால் ரயில் நிலையத்துக்கு எதிரே கண்ணாடிக்கடைக்கு எடுத்துப்போங்கள். அக்கா அதை வைத்துக்கொள்ள மாட்டார். மூன்றாவது பாட்டை 45-இல் ஒரே ஒருமுறை, நான்காவது சீழ்க்கை வரைக்கும் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார்.

இன்னொன்று. எடுத்துப்போவதற்கு முன்னால் சுத்தம் செய்கிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள். தூசி இருந்தால் இருக்கட்டும், துடைக்காமல் கொண்டுபோங்கள்.