சிவப்பு எங்கே போகும்

இங்கிலாந்தில் எங்கள் ஹாலிஃபாக்ஸ் ஊரில் அப்போதெல்லாம் கடையில் எந்த மின்சாமான் வாங்கினாலும் பிளக் இல்லாமல்தான் கொடுப்பார்கள். வயர் நுனி மொட்டையாகத் தொங்கும். அதற்குப் பிளக் மாட்ட எங்கள் தெருவில் பாதி ஆண்களுக்குப் பயம், மீதிப் பேருக்குச் சோம்பல். எதிர்வீட்டு ஹில்டா ஆக்ராய்டுதான் எல்லோருக்கும் மாட்டிக் கொடுப்பாள். நூற்பாலையில் வேலை, கல்யாணம் இல்லை, வாய் கொஞ்சம் நீளம். போர்க்காலத்தில் ரேடியோ தொழிற்சாலையில் கற்றுக்கொண்டது அது. சிவப்பில் கரண்ட், கறுப்பு திரும்பும் வழி, பச்சை எர்த். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில் நோராவின் மகன் கிளைவ், ஜெர்மனியில் நம் பிரிட்டிஷ் பட்டாளத்தில் இருந்தவன், லீவில் வந்தபோது அம்மாவுக்கு அங்கிருந்து ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கி வந்தான். நோரா ஹில்டாவின் பக்கத்து வீட்டுக்காரி. இருபது வருஷச் சிநேகம். அன்று நானும் நோராவின் அடுப்படியில்தான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

"சண்டையில தோத்தாலும் ஜெர்மன்காரன் பெட்டி நல்லாத்தான் செய்றான்டி," என்றாள் நோரா.

அந்த ஊர்ப் பிளக் நம் சுவரில் பொருந்தாது; அதை வெட்டிப் போட்டுவிட்டு ஹில்டா வயரைச் சீவினாள். சிவப்பு, கறுப்பு, சாம்பல்.

"பச்சையைக் காணோமேடி?"

"சாயம் தீந்துபோயிருக்கும். நீ மாட்டு, எனக்குத் துணி கிடக்கு."

மிஞ்சியது சாம்பல்தானே, அதுதான் எர்த்தாக இருக்கும் என்று ஹில்டா மாட்டினாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. அதற்குள் ஆலைச் சங்கு ஊதியது. பெட்டியைப் போட்டுப் பார்க்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

பெட்டி சூடாகவே இல்லை. இஸ்திரி போடும் எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் நோராவும் செய்திருக்கிறாள். குழாயில் விரலை நனைத்தாள். ஒரு கை குழாயிலேயே இருக்க, ஈர விரலால் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். மதுக்கடையிலிருந்து திரும்பிய கிளைவ்தான் அவளைத் தரையில் கண்டான்.

மரண விசாரணையில் ஒரு நிபுணர் விளக்கினார். அந்த நாட்டில் சிவப்புதான் எர்த், பெட்டியின் வெளித்தகட்டோடு சேர்ந்திருப்பது. கரண்ட் வருவது கறுப்பில். நம் வழக்கப்படி மாட்டியதால், சூடாக்க வேண்டிய கம்பிக்குப் போகாமல் கரண்ட் வெளித்தகட்டுக்கு வந்துவிட்டது.

"பிளக் மாட்டியது யார்?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"நான்தாங்க," என்று கிளைவ் எழுந்தான்.

ஹில்டா பாய்ந்து எழுந்தாள். "பொய் சொல்றான்! அவன் வீட்டுலயே இல்ல. நான்தான் மாட்டினேன்."

விபத்து என்று தீர்ப்பானது. வெளியே வந்ததும் கிளைவ் கேட்டான்: "ஏன் அத்தை சொன்னீங்க? பெட்டியை வாங்கினவன் நான்தானே? பழி என்னோடயே போகட்டும்னு நினைச்சேன்."

"உங்க அம்மாவைக் கொன்னது என் கைடா. அதையும் நீ எடுத்துக்குவியா?"

தெருவில் யாரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியாவது ஆறியிருப்பாள். திருப்புளியைத் தொடுவதையே விட்டாள். கிளைவ் கண்ணில் பட்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

நாலைந்து வருஷம் கழித்து ஐரோப்பிய நாடுகளெல்லாம் கூடி வயர் நிறங்களை ஒரே மாதிரியாக மாற்றின. பட்டாளத்திலிருந்து திரும்பிவிட்ட கிளைவ் என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான், கையில் புது மின்சாரக் கெட்டிலோடு. "இப்ப எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் அத்தை. பழுப்புல கரண்ட், நீலத்துல திரும்பும், பச்சை மஞ்சள் வரி எர்த்து. நீங்கதான் மாட்டணும்."

வெகுநேரம் மறுத்தாள். பிறகு மாட்டினாள். "ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க," என்றாள். சுவிட்சைப் போட்டாள். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, நனைத்த விரலைக் கெட்டில் மேல் வைத்தாள். கிளைவ் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான்.

ஒன்றும் ஆகவில்லை. கெட்டில் லேசாகச் சுடத் தொடங்கியிருந்தது, அவ்வளவுதான்.

ஹில்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இவ்வளவுதானாடா? எல்லா ஊர்க்காரனும் ஒரு மேசையில உக்காந்து மூணு கலரு பேசி முடிக்க, என் நோரா சாகணுமா?"

கிளைவ் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அந்த ஈர விரலைப் பிடித்துக்கொண்டான்.