அருள்செல்வி சொன்ன ஒரே வார்த்தை

அருள்செல்வியைப் பற்றி முதன்முதலில் புகார் எழுதியவள் நான்தான். அதை மறைத்துவிட்டு அவர் புகழ் பாடினால் என் மனசாட்சியே என்னைச் சும்மா விடாது.

முகப்பேரில் எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால், தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் ஒரு சிறுவர் மன்றம் நடக்கிறது. கராத்தேயிலும் கீபோர்டிலும் இடம் நிரம்பிவிட்டதால்தான் என் பெண் நிஷாவைத் தோல் வேலை வகுப்பில் சேர்த்தேன். பதினொரு வயதில் தோலைத் தைத்து என்ன சாதிக்கப் போகிறாள் என்று வீட்டில் அலுத்துக்கொண்டவளும் நானே.

முதல் மாதமே அழுதுகொண்டு வந்தாள். மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து தைத்த சாவி உறையை வகுப்பு எடுக்கும் அருள்செல்வி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "பிரி" என்றாராம். எனக்கு வந்ததே கோபம்! குழந்தைகளை அழ வைப்பவர் நமக்கு வேண்டாம் என்று மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன். பதினான்கு அம்மாக்கள் கட்டைவிரலைத் தூக்கினார்கள்.

மறுநாள் அவரே என்னைத் தேடி வந்தார்.

"நான் அடிச்சேனா, திட்னேனா? பிரின்னுதானே சொன்னேன் நிஷாம்மா. கத்தி தப்பா பட்டாதான் தோலு போச்சு. தையல் தப்பானா இன்னா? அதே ஓட்டைல திரும்பத் தெச்சிக்கலாம்."

அப்போதுதான் அவர் கதை தெரிந்தது. பத்தொன்பது வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்தவர். பதினைந்து வருடம் அங்கே செக்கர் வேலை. தையல் கோணினால் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். கோடு விழுந்த ஷூ கழிவுத் தொட்டிக்குப் போகும், தைத்த பெண்ணுக்கு எல்லார் முன்னாலும் வசவு விழும். "இன்னொரு தபா தெக்கச் சொல்லி ஒருத்திக்கும் குடுக்க மாட்டாங்க. அதான் என் கிளாஸ்ல தொட்டியே கிடையாது" என்றார். அடுத்த சனிக்கிழமையும் நிஷாவை வகுப்புக்கு அனுப்பினேன்.

இந்த ஆண்டு ஆவடியில் சிறுவர் மன்றங்களுக்கான கைவினைப் போட்டி. நிஷா ஒரு பர்ஸ் வைத்தாள். நடுவர் அதைக் கையில் எடுத்தார், மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார், அருள்செல்வியிடம் திரும்பிச் சிரித்தார்.

"இதைச் சின்னப் பிள்ளை தைச்சதுன்னு நம்பச் சொல்றீங்களா? இது டீச்சர் கைவேலை. உங்க மன்றத்துக்கு எழுதிடுறேன். இனி நீங்க வகுப்பு எடுக்கக் கூடாது."

"ஒரு தையல்கூட நான் போடல சார்" என்றார் அருள்செல்வி. அவர் ஒரு நிமிடம் பர்ஸையே பார்த்தார். பிறகு திரும்பினார்.

"நிஷா, பிரி."

"ஐயோ, வேண்டாம்!" என்று கத்தியது நான்தான். மூன்று மாத உழைப்பு! நிஷா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து நறுக் நறுக்கென்று நூலை வெட்டி உருவினாள். பர்ஸ் வெறும் தோல் துண்டுகளாக மேஜையில் கிடந்தது. புது நூலில் மெழுகு தேய்த்து, இரண்டு முனையிலும் ஊசி கோத்து, பழைய ஓட்டை ஒவ்வொன்றிலும் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று என்று இழுத்தாள். நடுவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து மேஜையில் அவள் வகுப்புத் தோழன் ரோஹித், "மிஸ், நானும் பிரிக்கவா?" என்றான். பதிலுக்குக் காத்திருக்காமல் தன் பெல்ட்டின் நூலை வெட்டத் தொடங்கிவிட்டான். பிறகு வர்ஷா. பிறகு எங்கள் மன்றத்துப் பிள்ளைகள் ஒன்பது பேரும். ஒருவர் முகத்திலும் பயமில்லை, அவர்களுக்கு இது வாராவாரம் பழகிய வேலை. கூடமே எங்களைச் சுற்றி நின்று பார்த்தது.

நாற்பது நிமிடத்தில் நிஷா பர்ஸை நீட்டினாள். நடுவர் இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து நின்று, மைக்கிலேயே, "என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார். "இந்த மன்றத்துக்குத்தான் முதல் பரிசு."

பிள்ளைகள் போட்ட சத்தத்தில் காது அடைத்தது. நிஷா கோப்பையோடு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது அருள்செல்வியை, என்னை இல்லை. பொறாமையே வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கை சிவக்கத் தட்டினேன்.

அருள்செல்வி அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இன்னா நிஷாம்மா, கொயந்த சிரிக்குது, நீங்க அழுவுறீங்க? இன்னிக்கு யார் மேல கம்ப்ளைன்ட்டு?"