நாலாம் கட்டையில் திரும்பியவன்

பேய்க்கதை சொல்கிறவர்களைக் கண்டால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவன். அங்கே ஒவ்வொரு களஞ்சியத்துக்கும் ஒரு வெள்ளைக்காரன் ஆவி, ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பெண்பிள்ளை என்று ஆட்கள் பங்குபோட்டு வைத்திருந்தார்கள், நான் அந்த எல்லா இடத்திலும் படுத்து எழும்பியிருக்கிறேன், கடிக்கிற நுளம்பைத் தவிர வேறொன்றும் என்னைத் தொட்டதில்லை. இப்போதும் அப்படியானவற்றை நம்புகிறேன் என்று சொல்லமாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமை வேலை நாளாகவும், பௌத்தர்களின் நிலாநாளான போயா விடுமுறையாகவும் இருந்த அந்தச் சில வருஷங்களில்தான் எங்கள் சைக்கிள் சவாரி நடந்தது. அதற்கு ஒரு பெயரும் இல்லை, தலைவர் செயலாளர் என்று ஒரு இழவும் இல்லை. போயா அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பஸ் நிலையத்தடியில் பத்துப் பதினைந்து பேர் சைக்கிளோடு கூடுவோம். துறைமுகக் கிளார்க்மார், கடைக்காரர், இரண்டு மூன்று வாத்திமார். ஒருமுறை நிலாவெளி, ஒருமுறை கன்னியா, ஒருமுறை தம்பலகாமம். போவோம், தேத்தண்ணி குடிப்போம், பொழுது படுவதற்குள் வந்துவிடுவோம். இதில் என்ன சந்தோஷம் என்று கேட்பீர்கள். திருகோணமலையில் அந்தக் காலத்தில் வேறு என்ன இருந்தது, சொல்லுங்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. முன்னால் போகிறவர் கணபதி மாஸ்டர். ஒவ்வொரு மைல் கட்டையைத் தாண்டும்போதும் அவர் ஒருமுறை மணி அடிப்பார், அவருக்குப் பின்னால் வருகிறவர் அடிப்பார், அப்படியே மணி ஒவ்வொருவராகப் பின்னுக்கு வரும். கடைசி ஆள் மட்டும் இரண்டு முறை அடிக்கவேண்டும். இரட்டை மணி கேட்டால் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம், மாஸ்டர் திரும்பிப் பார்க்காமலே மிதிப்பார். அந்தக் கடைசி ஆளுக்கு நாங்கள் வைத்த பெயர் வால். பம்ப், ஒட்டுப் போடும் ரப்பர், ஒட்டுகிற சொலூஷன், நட்டுச் சாவி, கத்தரிக்கோல் எல்லாம் வாலின் பையில்தான் இருக்கும். யாருக்காவது காற்றுப் போனால் வால் நின்று ஒட்டிக்கொடுத்துக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். இரண்டு வருஷமாக நான்தான் வால். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, ஒளிப்பானேன்.

எனக்கு முன்னால் எப்போதும் ஹனிபா நானா போவார். தையல்காரர், அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். முட்டு வருத்தம். வந்தால் மூச்சு விசில் அடிக்கும், ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தால்தான் அடங்கும். வீட்டில் மனைவி, 'வேணாம், போகாதீங்க' என்று ஒவ்வொரு போயாவும் சண்டை. "தம்பி செல்வராசா பின்னால வாறார், எனக்கென்ன பயம்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அந்த மனுஷன் என்னை நம்பித்தான் சைக்கிளில் ஏறினார், இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முறை தம்பலகாமம். நான் அதற்கு முந்திய இரண்டு இரவும் பகலும் கோதுமை மாக்கப்பல் ஒன்றில் வேலைக்கு நின்றவன். மூட்டை இறக்கி முடியும்வரை ஒருவரையும் வீட்டுக்கு விடவில்லை. போயா அன்று காலை பதினொரு மணிக்கு விட்டார்கள். மட்டிக்களியில் நான் வாடகைக்கு இருந்த அறைக்கு வந்து, குளித்து, இரண்டு வாய் சோறு தின்று, படுக்காமல் சைக்கிளை எடுத்தேன். ஏனென்றால் பை என்னிடம். வால் இல்லாமல் போகமாட்டார்கள்.

கச்சான் காற்று அடிக்கிற மாதம். கண்டி வீதியில் ஏறினால் நேரே முகத்துக்கு வரும், சூடு, புழுதி. இரண்டாம் கட்டையில் எனக்குத் தொடை நடுங்கியது. மூன்றாம் கட்டையில் கண்ணைத் திறந்தபடியே நித்திரை. நாலாம் கட்டையில் மணி பின்னுக்கு வந்தது, நானா அடித்தார், நான் இரண்டு முறை அடித்தேன். மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் காலை ஊன்றி நின்றேன். நானாவின் வெள்ளைச் சட்டை காற்றில் ஊதிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், பையையாவது கொடுத்திருக்கலாம். எதிர்க்காற்றில் கத்த எனக்குப் பஞ்சியாக, அலுப்பாக இருந்தது. இவ்வளவுதான் என் நியாயம். இன்றைக்கு ஒருநாள் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன், சைக்கிளைத் திருப்பினேன். பின்காற்று என்னைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது.

அறைக்கு வரும்போது மூன்று மணி. பையைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் கொழுவினேன். கட்டிலில் விழுந்தேன். பொழுது பட்டது தெரியாது, விடிந்ததும் தெரியாது. கதவில் தட்டுகிற சத்தத்துக்குத்தான் கண் முழித்தேன்.

திறந்தால் ஹனிபா நானா. கையில் ஒரு முட்டி தயிர். ஏச வந்திருக்கிறார், ஏசட்டும், காலில் விழுவோம் என்று வாயைத் திறப்பதற்குள் மனுஷன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நேத்து நீங்க இல்லாட்டி நான் மௌத்துத்தான். ஊட்ல எல்லாரும் ஒங்களுக்குத் துவாச் செய்றாங்க."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் அதில் இருந்துகொண்டு எல்லாம் சொன்னார். திரும்பி வரும்போது பாலம்போட்டாறு தாண்டி அவருடைய பின்ரயர் காற்றுப் போயிருக்கிறது. முன்னால் போனவர்கள் வெகுதூரம். பொழுது சாய்கிற நேரம், காட்டுக்கரையில் கொப்பு முறிகிற சத்தம், யானை. பயத்தில் முட்டு வந்துவிட்டது. சைக்கிளோடு ரோட்டில் குந்திவிட்டார். அப்போது பின்னாலிருந்து இரண்டு முறை மணி கேட்டதாம்.

"நீங்கதான். எறங்கினீங்க, என்னக் கட்டையில சாய்ச்சு இருத்தினீங்க, ரியூப்பக் கழட்டி ஒட்டுப் போட்டீங்க. பொறகு ஒரு கைய என்ட முதுகுல வெச்சுத் தள்ளிக்கிட்டே வந்தீங்க. ஆறு மைல், தம்பி. ஒங்களுக்கு மூச்சுக்கூட வாங்கல்ல."

நாலாம் கட்டை வந்ததும் நான் நின்றேனாம். இனி நீங்கள் போவீர்கள் நானா என்று சொன்னேனாம்.

"ஏன், நீங்க வரல்லயா எண்டு கேட்டன். 'எனக்கு ஒரு களைப்பும் இல்ல நானா, இன்னும் கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டு வாறன்' எண்டிட்டுத் திரும்பக் கண்டி ரோட்டால போனீங்க. இருட்டுல எங்க தம்பி போனீங்க?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். அவருடைய முகத்தைப் பார்த்தேன். "பம்பை விட்டிட்டு வந்திட்டன் நானா, எடுக்கப் போனனான்" என்று சொன்னேன். வாயில் வந்தது அதுதான்.

அவர் போனதும் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். பை தொங்கிக்கொண்டிருந்தது. பம்ப் இருந்தது. சொலூஷன் புதியது, முந்திய கிழமை வாங்கியது, மூடியைத் திறந்து ஊசியால் முனையைக் குத்தவேண்டும், குத்தவே இல்லை. வீட்டுக்கார அக்காவிடம் போய், நேற்றுப் பின்னேரம் நான் வெளியில் போனேனா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"வெளியிலயோ? ஆள் செத்துப் போச்சோ எண்டு ரெண்டு தரம் வந்து எட்டிப் பாத்தனான். குறட்டை கேட்டபிறகுதான் போய் விளக்குக் கொளுத்தினனான்."

கணபதி மாஸ்டரிடம் போனேன். போகிற வழி முழுக்க, திரும்பி வரும்போதும் பாலம்போட்டாறு வரை, ஒவ்வொரு கட்டையிலும் இரட்டை மணி கேட்டதாகச் சொன்னார். "பிறகு கேக்கேல்லை. நானாவுக்குக் காத்துப் போயிருக்கும், நீ நிண்டு ஒட்டிக்கொண்டு வருவாய் எண்டு நாங்கள் வந்திட்டம். நீதானே வால்." தம்பலகாமத்தில் எல்லோரும் தேத்தண்ணி குடித்தபோது நான் குளக்கட்டில் சைக்கிளோடு நின்றேனாம், கூப்பிட்டதற்குக் கை காட்டினேனாம். "நல்ல உற்சாகமா நிண்டாய்" என்றார்.

நானாவின் சைக்கிளை வாங்கி, சரி பார்த்துத் தருகிறேன் என்று பொய் சொல்லி, பின்ரயரைக் கழற்றினேன். ரியூப்பில் ஒரே ஒரு ஒட்டு, புதியது. என்னுடைய கத்தரிக்கோலுக்கு ஒரு பக்க முனை உடைந்தது, அதனால் நான் வெட்டுகிற ரப்பர் எப்போதும் ஒரு மூலையில் சப்பையாக இருக்கும். இந்த ஒட்டும் அந்த மூலையில் சப்பை. நான் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ரயரைப் பழையபடி மாட்டினேன்.

யாரோ வழிப்போக்கர் உதவியிருப்பார், இருட்டில் நானாவுக்கு நான் என்று பட்டிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிப் பார்த்தேன். மணியையும் குளக்கட்டையும் அந்தச் சப்பை மூலையையும் எங்கே கொண்டுபோய் வைப்பது?

பேயைவிட எனக்கு ஆக்கினையாக இருந்தது நானாவின் நன்றிதான். ஒவ்வொரு பெருநாளுக்கும் சாப்பாடு வரும். என்னுடைய கல்யாண வேட்டிச் சட்டைக்கு நெஞ்சளவு எடுத்தவர் தையல் கூலி வாங்க மறுத்துவிட்டார். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் "என்ட உசிரக் காப்பாத்தின புள்ள" என்று என்னைக் காட்டுவார். நான் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன், அதை அடக்கம் என்று மெச்சுவார்கள். விட்டுவிட்டுப் போன ஆள் நான். அந்த வெட்கத்தை வீட்டுக்காரியிடம்கூடச் சொல்லவில்லை. இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அந்த மற்றவன்மேல் எனக்குப் பொறாமையாகவும் இருந்தது. இரண்டு நாள் கப்பலில் நின்ற அதே உடம்போடு அவன் ஆறு மைல் ஒரு ஆளைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான்.

வால் வேலையை அடுத்த போயாவே விட்டுவிட்டேன். பிறகு ஞாயிறு பழையபடி விடுமுறை ஆயிற்று, சிலர் மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், மாஸ்டர் மாற்றலாகிப் போனார், சவாரி தன்பாட்டில் நின்றுபோனது.

அந்தப் போயா நடந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். நானா படுத்த படுக்கையாகிவிட்டார் என்று கேள்விப்பட்டுப் போனேன். காலை நேரம். தலையணை நாலு அடுக்கி, அதில் சாய்ந்து இருந்தார், நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் வழமைபோலக் கையைப் பிடித்து, பக்கத்தில் நின்ற மருமகளிடம் அந்தக் கதையைத் தொடங்கினார். எனக்குத் தாங்க ஏலாமல் போய்விட்டது. மருமகள் தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனதும் கதிரையைக் கிட்ட இழுத்தேன்.

"நானா, என்னை மன்னிக்கவேணும். அண்டைக்கு நான் வரேல்லை. நாலாம் கட்டையில உங்களை விட்டிட்டு வீட்டை திரும்பி வந்து படுத்தனான். உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது நான் இல்லை."

சொல்லி முடித்ததும் அழுதுவிட்டேன். அவர் என் கையை விடவில்லை. சிரிக்கிற மாதிரி இருந்தது, மூச்சுக்கு நடுவில் சிரிப்பு வெளியில் வரச் சிரமப்பட்டது.

"அட, அதுவா தம்பி. நீங்கதானே அண்டைக்குச் சொன்னீங்க."

"நான் என்ன சொன்னனான்?"

"ரெண்டு நாள் கப்பல்ல நிண்ட ஆளு, ஒங்களுக்குக் களைக்கல்லயா எண்டு கேட்டன். 'களைச்சவன வீட்ட படுக்கப் போட்டிட்டு வந்தனான் நானா, அவன் கிடக்கட்டும்' எண்டு சொன்னீங்க. பகிடி எண்டுதான் அண்டைக்கு நெனைச்சன். இப்பதான் வெளங்குது."

மருமகள் தேத்தண்ணியோடு வந்தாள். நான் குடித்தேனா இல்லையா என்று ஞாபகமில்லை. அந்த மாதம் முடிவதற்குள் நானாவின் ஜனாஸா அடக்கத்துக்கும் போய்வந்தேன்.

மன்னிப்புக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பாரம் இறங்கிவிட்டது. இது இறங்கவில்லை. அந்தப் போயா பின்னேரம் படுத்து எழும்பிய நாளிலிருந்து எனக்கு இந்தக் களைப்பு. டொக்டர்மார் இரத்தம் சோதித்தார்கள், குளிசை தந்தார்கள், ஒரு வருத்தமும் இல்லை என்றார்கள். நித்திரை நன்றாகத்தான் வருகிறது, எட்டு மணித்தியாலம் கொண்டாலும் விடிய அதே களைப்போடுதான் கால் நிலத்தில் படுகிறது. வீட்டுக்காரி சோம்பல் என்கிறாள், இருக்கட்டும். மூன்று மணிக்குக் கட்டிலில் விழுந்தவன்தான் இதை உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சத் தூரம் ஓடிப்போட்டு வாறன் என்று கண்டி வீதியால் போன மற்றவன் இன்னும் வீடு வந்து சேரவில்லை.